புகைக்குழாய்க் கசிவு



மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வருகின்றவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ, வண்டியின் அடியிலே, எவர் கண்ணிலும் படாமல், சேற்றையும் சூட்டையும் தாங்கிக்கொண்டு கிடக்கின்ற ஓர் உறுப்பு. அதுதான் புகைக்குழாய். அது எவ்வாறு பழுதடைகின்றது, பழுதை எவ்வாறு கண்டுபிடிப்பது, எவ்வாறு திருத்துவது என்பனவற்றைச் சொல்ல விரும்புகின்றேன். நான் பொறியியல் படித்தவன் அல்லன். பழைய லாண்ட் றோவர் வண்டியொன்றை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருந்து, அதனோடு மல்லுக்கட்டிப் பழகியவன். அந்த அனுபவமே என் பேச்சுக்கு ஆதாரம்.

லாண்ட் றோவர் என்ற பெயரைக் கேட்டதும் மலையகத்து நேயர்களுக்குத் தோட்டப் பாதைகள் நினைவுக்கு வரும். 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் கண்காட்சியிலே முதன்முதலாக உலகத்தார் பார்வைக்கு வைக்கப்பட்ட வண்டி அது. நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் ஆற்றல் உடையது. 1985ஆம் ஆண்டு வரையில் வெளிவந்த அதன் பழைய வகைகள், இன்றைக்கும் நம் நாட்டு மலைப்பாதைகளில் கொழுந்தையும் உரத்தையும் மனிதரையும் சுமந்து ஏறிக்கொண்டிருக்கின்றன. அதன் உடல் அலுமினியக் கலப்பு உலோகத்தாலானது. ஆகவே துருப்பிடிப்பதில்லை. ஆனால் புகைக்குழாய் இரும்பு. அங்கேதான் தொல்லை பிறக்கின்றது.

என் கதையை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

1979ஆம் ஆண்டு மார்கழி மாதம். பண்டாரவளையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு திருமண வீட்டுக்காகப் புறப்பட்டோம். வண்டி 109 அங்குலச் சில்லிடைத் தூரமுடைய லாண்ட் றோவர், பெற்றோல் எஞ்சின், பின்புறம் படங்குக் கூரை. முன்னாசனத்தில் நானும் என் மைத்துனரும். பின்னே, பக்கவாட்டு வாங்குகளில், என் மனைவியும் மாமியும் இரண்டு பிள்ளைகளும். பதுளையையும் பசறையையும் கடந்து லுணுகலைக்கு அப்பால் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பின்புறப் படங்கை இறக்கி, கயிற்றால் இறுகக் கட்டிவிட்டோம்.

சிறிது நேரத்தில் மாமி தலையிடி என்றார். மூத்த மகள் வாந்தியெடுத்தாள். மலைப்பாதையின் வளைவுகளில் இது புதுமையன்று என்று எல்லோருமே எண்ணினோம். பிபிலையில் இறங்கித் தேநீர் அருந்தியபோது எல்லோருக்கும் சுகமாயிற்று. வளைவுகள் முடிந்துவிட்டன, இனிக் கவலையில்லை என்று மீண்டும் புறப்பட்டோம். மஹா ஓயாவை நெருங்கும்போது என் மனைவி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

“இப்ப றோட்டு நேர்தானே? அப்ப ஏன் எங்களுக்கு இன்னும் தலை சுத்துது? முன்னுக்கு இருக்கிற உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. சின்னவனை எழுப்பிப் பார்க்கிறன், எழும்புகிறான் இல்லை.”

வண்டியை நிறுத்தி ஓடிப்போய்ப் படங்கைத் திறந்தேன். நான்கு வயதுப் பாலகன் உறங்குகின்றவன் போலவே கிடந்தான். கன்னத்தில் தட்டினால் கண்ணைச் சிறிது திறப்பான், மறுபடியும் மூடிக்கொள்வான். மழையென்றும் பாராமல் வெளியே தூக்கிவந்தோம். வழியால் வந்த வேறொரு வாகனத்தில் அவனை அருகிலிருந்த வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். ஒட்சிசன் கொடுத்தார்கள். அன்றிரவு முழுவதும் நானும் மனைவியும் அந்தக் கட்டிலருகே இருந்தோம். விடியற்காலையில் அவன் எழுந்து பசிக்கிறது என்றான். அந்தச் சொல்லைப் போல இனிய சொல்லை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

குடும்பத்தாரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியின் படங்கு முழுவதையும் கழற்றி வைத்துக்கொண்டு, செங்கலடி வரையில் நான் தனியே ஓட்டிச் சென்றேன். அங்கே ஒரு முதிய மெக்கானிக் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். எஞ்சினை நிறுத்திவிட்டு ஆறவிடும்படி சொன்னார். ஆறிய பின்னர் மீண்டும் முடுக்கச் செய்து, காதைச் சாய்த்துக் கேட்டார். “டிக், டிக்” என்று ஓர் ஓசை.

“இந்தச் சத்தம் எவ்வளவு நாளாக் கேட்குது, தம்பி?” என்றார்.

“ஒரு மாதமாகக் கேட்கிறது, ஐயா. டப்பட் சத்தம் என்று விட்டுவிட்டேன்” என்றேன்.

“ஒரு மாதமா இது உங்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, சாக்கொன்றை விரித்து வண்டியின் கீழே புகுந்தார்.

நேயர்களே, அன்று அந்தப் பெரியவர் எனக்குக் காட்டித்தந்தவற்றையும், பின்னர் நான் கற்றுக்கொண்டவற்றையும்தான் இப்பொழுது உங்களுக்குச் சொல்லப்போகின்றேன்.

முதலில், இந்தப் புகை ஏன் இத்துணைக் கொடியது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பெற்றோல் முழுமையாக எரியாதபோது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நமது குருதியிலே ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினை இந்த வாயு, ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு பற்றிக்கொள்கின்றது. ஆகவே மூச்சு வந்துபோய்க்கொண்டிருக்கும்போதே உடல் ஒட்சிசனுக்காக ஏங்குகின்றது. பத்து இலட்சம் பங்கு காற்றில் இருநூறு பங்கு இருந்தாலே, இரண்டு மூன்று மணி நேரத்தில் தலையிடி உண்டாகும். அளவு கூடினால் தலைச்சுற்றலும் வாந்தியும் மயக்கமும் மரணமும் தொடரும். பழைய பெற்றோல் எஞ்சினின் புகையிலோ இந்த வாயு நூற்றுக்குச் சில பங்குகளாகவே வெளிவருகின்றது.

ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற பிரித்தானிய உடற்றொழிலியல் அறிஞர், 1890களில் இந்த வாயுவைத் தம்மீதே பரீட்சித்து அறிந்தார். நிலக்கரிச் சுரங்கங்களிலே சிறு பிராணிகளை வைத்துக்கொள்ளும்படி கூறியவர் அவரே. சிறிய உடல் விரைவில் வாயுவால் தாக்கப்படும். ஆகவே குருவி சோர்ந்தால் மனிதன் வெளியேறிவிடலாம். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986ஆம் ஆண்டு வரையில் கனேரிப் பறவைகள் இந்தப் பணியைச் செய்தன. வண்டியின் பின்னாசனத்தில் இருக்கும் குழந்தையும் அந்தப் பறவையைப் போன்றதுதான். பெரியவர்களுக்கு முன்னர் குழந்தை சோர்ந்துவிடும். ஒரே வண்டியில் செல்லும் இருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே வேளையில் தலையிடி வந்து, இறங்கியதும் சுகமாகிவிட்டால், வளைவுகளைக் குற்றஞ்சொல்லுமுன் புகைக்குழாயைச் சந்தேகியுங்கள்.

டீசல் எஞ்சின் இந்த வாயுவை மிகக் குறைவாகவே வெளிவிடுகின்றது. அதனால் டீசல் வண்டிக்காரர் நிம்மதியாக இருந்துவிட இயலாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2012ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறுதியிட்டுக் கூறியிருக்கின்றது.

அடுத்து, குழாய் ஏன் பழுதடைகின்றது என்பது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளிப்படுகின்றது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் சூடேறி அந்த ஈரம் உலர்ந்துவிடும். சந்தைக்கும் கோயிலுக்கும் மாத்திரம் போய்வரும் வண்டியில், நீர் குழாய்க்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரித்துவிடும். வெளியே பார்த்தால் குழாய் நலமாகவே தோன்றும். திருப்புளியால் தட்டினால் பொத்தென்று உள்ளே போய்விடும். சூடான குழாயோடு வண்டியை ஆற்றில் இறக்கினால், வார்ப்பிரும்பாலான மனிபோல்ட் திடீரெனக் குளிர்ந்து வெடிக்கவும் கூடும். மனிபோல்ட் என்பது எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் உறுப்பு. இவையன்றி, நட்டுகள் தளர்தல், காஸ்கட் எரிந்துபோதல், குழாயைத் தாங்கும் ரப்பர்கள் அறுதல் ஆகியனவும் உண்டு.

இனிப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை.

முதலாவது விதி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தேடுங்கள். காலையில் முதன்முதல் முடுக்கும்போது “டிக், டிக்” என்ற ஓசை கேட்டு, ஐந்தாறு நிமிடங்களில் அது மறைந்துவிட்டால், அது மனிபோல்ட்டில் உள்ள கசிவாக இருக்கலாம். சூட்டினால் இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கின்றது. வண்டி தானே குணமாகிவிட்டது என்று நாமும் மகிழ்ந்துவிடுகின்றோம். என்னை ஏமாற்றியதும் இதுவே. இந்தச் சோதனையைத் திறந்த வெளியிலேயே செய்யவேண்டும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஒருபோதும் ஓடவிடக்கூடாது.

டப்பட் ஓசையையும் கசிவோசையையும் எவ்வாறு பிரித்தறிவது? ஏற்றத்தில் வண்டி சிரமப்பட்டு இழுக்கும்போது கசிவோசை பெரிதாகும். டப்பட் ஓசை அவ்வளவாக மாறாது. பழைய முறை எரிபற்றல் உடைய வண்டியானால், காப்பிட்ட குறட்டினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் கழற்றிப் பார்க்கலாம். எந்த வயரைக் கழற்றும்போது ஓசை தணிகின்றதோ, அந்தச் சிலிண்டரின் வாயிலிலே கசிவு இருக்கின்றது. டப்பட்டானால் எதைக் கழற்றினாலும் ஓசை போகாது.

இரண்டாவது, கண்ணால் தேடுதல். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இணைப்புகளைச் சுற்றி வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். கரிய புகைக்கோடு விசிறி போல விரிந்திருந்தால், அதன் நுனி எங்கே தொடங்குகின்றதோ அங்கேதான் வாய் இருக்கின்றது. வண்டியின் கீழே புகுமுன் ஒரு வார்த்தை: ஜக்கை மாத்திரம் நம்பிக் கீழே படுக்கக்கூடாது. சில்லுகளுக்கு அடைகல் வைத்து, சட்டத்துக்குக் கீழே உறுதியான தாங்கிகளையோ கனத்த மரக்கட்டைகளையோ கொடுத்த பின்னரே புகவேண்டும்.

மூன்றாவது, சவர்க்கார நீர். இதுவே மிகச் சிறந்த முறை. தூசி உறிஞ்சும் இயந்திரம் காற்றை வெளியே ஊதும் வாயுடையதாக இருந்தால், அந்தக் குழலை வண்டியின் புகைக்குழாய் நுனியில் வைத்துத் துணியால் சுற்றுங்கள். எஞ்சின் ஓடக்கூடாது, குழாய் குளிர்ந்திருக்கவேண்டும். காற்று உள்ளே செல்லும்போது, இணைப்புகள் எல்லாவற்றிலும் சவர்க்கார நுரையைத் தூரிகையால் பூசிக்கொண்டு வாருங்கள். சைக்கிள் ரியூப்பை நீரில் அமிழ்த்தும்போது குமிழி எழுவது போல, ஓட்டையுள்ள இடத்தில் குமிழி கொப்புளிக்கும். ஊசிமுனை அளவு ஓட்டையும் தப்பாது.

இன்னோர் அறிகுறியும் உண்டு. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு ஓட்டும்போது குழாயில் “பட், பட்” என்று வெடிச்சத்தம் கேட்டால், எங்கோ ஓர் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடுகின்றது என்று ஐயுறலாம். ஆண்டுதோறும் நடைபெறும் புகைப் பரிசோதனையில் தேறிவிட்டது, ஆகவே கசிவில்லை என்று சொல்லுகின்றவர்களும் உளர். அந்தப் பரிசோதனை குழாயின் நுனியில் வரும் புகையையே அளக்கின்றது. இடைவழியில் ஆசனத்தின் கீழே வெளியேறும் புகையைப் பற்றி அந்தப் பத்திரம் ஒன்றும் சொல்லாது.

இனித் திருத்தும் முறைக்கு வருவோம். செங்கலடிப் பெரியவர் என் வண்டியில் இரண்டு கசிவுகளைக் கண்டார். ஒன்று மனிபோல்ட்டில், மற்றொன்று முன்குழாயும் இடைக்குழாயும் கூடும் இடத்தில், பின்தளத்துக்கு நேர் கீழே. தளத்தில் ஒரு ரப்பர் மூடி விழுந்துபோயிருந்தது. அந்த வழியாகவே புகை மேலே ஏறியிருக்கின்றது. ஆனால் அவர் உடனே காஸ்கட்டை எடுக்கவில்லை. எஞ்சினைக் கையால் ஆட்டிப் பார்த்தார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஒன்று முற்றாக நைந்திருந்தது. கியர் மாற்றுந்தோறும் எஞ்சின் சாய, அந்த ஆட்டத்தைக் குழாய் தாங்க, இணைப்புகள் தளர்ந்திருக்கின்றன. முந்திய ஆண்டு ஒரு கராஜிலே காஸ்கட்டை மாற்றியிருந்தேன். ரப்பரை எவரும் பார்க்கவில்லை. அதனால் புதிய காஸ்கட்டும் எரிந்துவிட்டது. ஓட்டையை அடைத்தால் போதாது. ஓட்டையை உண்டாக்கிய காரணத்தையும் அகற்றவேண்டும். வைத்தியத்துக்கும் மெக்கானிக் தொழிலுக்கும் இது பொது.

மனிபோல்ட்டைக் கழற்றுவதற்கு முதல்நாள் இரவே, நட்டுகளுக்குத் துருநீக்கும் எண்ணெய் ஊற்றிவிடுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்ரட் முறிந்து, ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாகிவிடும். இறுகிய நட்டைச் சிறிது முன்னும் பின்னுமாக அசைத்தே கழற்றவேண்டும். கழற்றிய பின்னர் பழைய காஸ்கட்டைச் சுரண்டி முகங்களைத் துப்புரவாக்குங்கள். பழைய காஸ்கட்டில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். ஆகவே உலரச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டுவது நன்று. பின்பு நேரான இரும்பு அடிமட்டம் ஒன்றை முகத்தின்மீது நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ ஒளி தெரிந்தால் மனிபோல்ட் வளைந்திருக்கின்றது. அதனைக் கடைசல் பட்டறையிலே கொடுத்து மட்டப்படுத்தாமல் எந்தக் காஸ்கட்டைப் போட்டும் பயனில்லை.

பழைய லாண்ட் றோவரின் நான்கு சிலிண்டர்ப் பெற்றோல் எஞ்சினில் ஒரு நுட்பம் உண்டு. உள்ளிழுக்கும் மனிபோல்ட்டும் வெளியேற்றும் மனிபோல்ட்டும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் முதலிலேயே இறுகப் பிணைத்துவிட்டு எஞ்சினில் பொருத்தினால், முகங்கள் ஒரே மட்டத்தில் அமையாமற் போகலாம். ஆகவே இரண்டையும் தளர்வாகச் சேர்த்து, எஞ்சினில் பொருத்தி இறுக்கிய பின்னரே இடைப் போல்ட்டுகளை இறுக்கவேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் மாறிமாறி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். எவ்வளவு வலுவுடன் என்பதை அந்தந்த வண்டியின் கைநூல் சொல்லும். எஞ்சினை ஒருமுறை சூடேற்றி, ஆறவிட்டு, மீண்டும் ஒருமுறை பார்த்து இறுக்குவது அவசியம்.

அரித்துப்போன குழாய்க்கு ஒட்டுப்போடுவது தற்காலிகமே. வழியில் அகப்பட்டுக்கொண்டால், பால்மாத் தகரமொன்றை வெட்டிச் சுற்றி, இரு கிளிப்புகளால் இறுக்கி வீடு வந்து சேரலாம். நானும் செய்திருக்கின்றேன். ஆனால் வீடு வந்ததும் குழாயை மாற்றிவிடவேண்டும், தகரம் நிரந்தரமாகிவிடக்கூடாது. காய்ச்சி ஒட்டும் வேலையானால், பெற்றோல் தாங்கி எங்கே இருக்கின்றதென்று முதலிலே பார்த்துக்கொள்ளுங்கள். மின்கலத்தின் வயரையும் கழற்றிவிடுங்கள். வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டுவது எல்லோருக்கும் கைவந்த வேலையன்று. மெதுவாகச் சூடேற்றி, அதற்கென உள்ள நிக்கல் குச்சியால் ஒட்டி, மெதுவாகவே ஆறவிடவேண்டும். இன்றேல் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலே மீண்டும் வெடிக்கும்.

எல்லாம் முடிந்தபின், தளத்திலுள்ள துவாரங்களை மூடுங்கள். பின்கதவின் ரப்பரையும் பாருங்கள். பின்புறப் படங்கை மாத்திரம் திறந்து வைத்துக்கொண்டு ஓடுவது பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. ஓடும் வண்டியின் பின்னே காற்று சுழன்று, குழாயின் புகையை உள்ளே இழுத்துக்கொண்டுவரும். திறப்பதானால் முன்னும் பின்னும் திறக்கவேண்டும். இன்று மின்கலத்தில் இயங்கும் சிறிய காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவிகள் விற்பனையாகின்றன. பழைய வண்டியில் பிள்ளைகளை ஏற்றிச்செல்வோர் அதிலொன்றைப் பின்புறத்தில் வைத்துக்கொள்வது விவேகம்.

எவரேனும் மயங்கினால், உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். சுகமாகிவிட்டதுபோலத் தோன்றினாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது குருதியிலுள்ள வாயு பாதியாகக் குறைவதற்கே நான்கைந்து மணி நேரம் செல்லும். தூய ஒட்சிசன் கொடுத்தால் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். விரலில் மாட்டி ஒட்சிசனை அளக்கும் சிறு கருவியை இங்கே நம்பக்கூடாது. அது இந்த வாயுவையும் ஒட்சிசனையும் பிரித்தறியாமல், எல்லாம் நலமென்றே காட்டும். ஆகவே வண்டியில் இருந்தபோதுதான் மயக்கம் வந்தது என்பதை வைத்தியரிடம் நீங்களே சொல்லவேண்டும்.

நேயர்களே, அன்று எழும்பாமல் கிடந்த என் மகனுக்கு இப்பொழுது பிள்ளைகள் உண்டு. அந்த லாண்ட் றோவர் இன்று அவனிடந்தான் இருக்கின்றது. வாரத்துக்கு ஒருமுறை, காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வானொலியையும் பேச்சையும் நிறுத்திவிட்டு, முன்மூடியைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்பான். அவ்வளவுதான் நான் அவனுக்குக் கொடுத்த பயிற்சி. உங்களிடமும் நான் கேட்டுக்கொள்வது அந்த ஒரு நிமிடத்தைத்தான்.